ரிவிட் அடித்த கப்பல்

வெல்டிங்தான் சுலபம், செலவும் குறைவு. இருந்தும் 'மெட்வே குயின்' என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலின் கூட்டை, அதாவது அதன் வெளி உடலை, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் புதிதாகக் கட்டியவர்கள், தகடுகளைப் பழையபடி ரிவிட் என்ற தலையுள்ள உலோக ஆணிகளை அடித்தே இணைத்து முடித்தார்கள். கப்பல் பழுதுபார்க்கும் வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். அந்தக் கப்பலின் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பிடிவாதம்தான்.

1924இல் ஸ்காட்லாந்தின் ட்ரூனில் கட்டிய கப்பல் அது. கோடையில் தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் மக்களை ஏற்றிக்கொண்டு மெட்வே ஆற்றில் இறங்கி, சவுத்எண்ட், ஹெர்ன் பே கடற்கரைகளுக்குப் போய்வரும். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடலில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1940இல் ஜெர்மன் படை சூழ்ந்த பிரான்சின் டன்கர்க் கடற்கரைக்கு ஏழு முறை போய், சுமார் 7000 வீரர்களை மீட்டு வந்தது. ஆழமில்லாத நீரிலும் போகக்கூடிய உல்லாசப் படகு, அன்று உயிர் காத்தது.

1963இல் ஓட்டம் நின்றது. பிறகு வைட் தீவில் கேளிக்கை விடுதியானது. அங்கேயே நீர் புகுந்து அமிழ்ந்தும் போனது. 1984இல் மிதவையில் ஏற்றி மெட்வேக்குக் கொண்டுவந்தார்கள். மறுவருடம் அதைக் காக்க ஒரு சங்கம் உருவானது. அப்புறமும் பல வருடம் சேற்றில்தான் கிடந்தது. 2006இல், பழம்பெருமைச் சின்னங்களைக் காக்கத் தரும் லாட்டரி நிதி கிடைத்த பிறகே வேலை சூடுபிடித்தது.

ரிவிட் வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார். "தம்பி, ரிவிட் தலைக்கு ஒரு பக்கம் விரலை வை" என்பார். மறுபக்கம் சின்னச் சுத்தியலால் தட்டுவார். இறுகிய ரிவிட் என்றால் கணீரென்று ஒலிக்கும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. தளர்ந்தது என்றால் ஒலி மங்கும், விரலில் லேசாக ஓர் அசைவு தட்டும். செக்கச்செவேலெனக் காய்ந்த ரிவிட்டைத் துளையில் செருகி, ஒருவர் பின்னாலிருந்து தாங்க, இன்னொருவர் முனையை அடித்துத் தலையாக்க வேண்டும். ஆறும்போது அது சுருங்கி இரண்டு தகடுகளையும் இழுத்துக் கட்டும். தாங்குகிறவர் கை கொஞ்சம் தளர்ந்தாலும் அந்த இடத்தில் நீர் கசியும்.

மெட்வே குயினுக்கு முன் பிரிட்டனில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் இப்படி ஒரு கப்பல் கூட்டைக் கட்டியிருக்கவில்லை. கை பழகியவர்கள் பலர் போய்விட்ட பிறகு அந்த வேலையை மறுபடி கற்றுக்கொண்டு செய்திருக்கிறார்கள்.

கூடே புதிது என்றால் அது பழைய கப்பலா என்று கேட்கிறவர்கள் உண்டு. நீரை வடித்துவிட்டுப் பழுது பார்க்கும் டிரை டாக்கில் ஏறும் எந்தக் கப்பலிலும் தேய்ந்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைக்கிறோம். அதற்காக யாரும் பெயரை மாற்றுவதில்லை. மெட்வே குயினில் எஞ்சின் பழையதே. கூட்டைச் சேர்த்த முறையும் பழையதே. என்னைக் கேட்டால், அது அதே கப்பல்தான்.

2013இல் கில்லிங்ஹாம் துறைக்குத் திரும்பியது. தன்னார்வலர்கள் அங்கே மிச்ச வேலையைப் பார்க்கிறார்கள். மறுபடி நீராவியில் சக்கரம் சுழன்று அது சவுத்எண்டுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.