பஸ் ஜன்னலில் மேற்கு அமெரிக்கா

லாஸ் வேகஸில் ஏறினால் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வரை பஸ்ஸிலேயே கூட்டிப்போகிறார்கள்; வண்டி ஓட்டுகிற கவலை இல்லை, ஆனால் எங்கேயும் ஆசை தீர நிற்கவும் முடியாது. வழியில் யூட்டா மாநிலத்தின் பிரைஸ் கேன்யனில் ஆரஞ்சு நிறப் பாறைத்தூண்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. இரவில் உறைந்து பகலில் உருகும் தண்ணீர் விரிசல்களைப் பிளந்து பிளந்து செதுக்கியவை. சுமார் 8,000 அடி உயரம், நாலு எட்டு ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

அப்புறம் நேரக் கூத்து! கோடையில் அமெரிக்காவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அரிசோனா மாநிலம் மாற்றுவதில்லை, ஆனால் அதற்குள் இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலம் மாற்றுகிறது, அதனால் அந்த நிலத்திலுள்ள மானுமென்ட் வேலியில் செல்போன் ஒரு நேரம் காட்ட, ஓட்டுநர் வேறு நேரம் சொல்ல, பாதிப் பேர் பஸ்ஸைத் தேடி ஓடினோம். யெல்லோஸ்டோனின் ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறைதான் பீறிடும். அதற்கு மட்டும் தாராளமாகக் காத்திருக்க விட்டார்கள்.