பிளாஷ்பேக் பக்கங்களைக் காணோம்

எங்கள் கிளை நூலகத்தில் மூன்றே பேர்தான். நூலகர் நான். கணினியும் பதிவேடும் பார்க்கிற தம்பி ஒருவன். பெருக்கித் துடைக்கிற அக்கா ஒருவர். வாசகர்கள் என்று பார்த்தால், காலை எட்டு மணிக்கே வாசலில் நின்று, கதவு திறந்ததும் தினசரியின் நடுப்பக்கத்தை உருவிக்கொள்ளும் ஓய்வுபெற்றவர்கள் ஒரு பக்கம், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். அலமாரிப் பக்கம் போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

போன ஆகஸ்ட் 12, நூலகர் தினம். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்தநாளாகக் கொண்டாடுவது. வழக்கமாக அவர் படத்துக்கு ஒரு முழம் பூவைப் போட்டு, வந்தவர்களுக்கு மிட்டாய் கொடுத்து முடித்துவிடுவோம். இந்த முறை எனக்கு ஆசை வந்துவிட்டது. வாசல் பக்கம் ஒரு மேசையைப் போட்டு, சார்ட் பேப்பரில் ‘நூலகப் பணியாளர்களுக்குப் பிடித்தவை’ என்று எழுதி ஒட்டினேன். படிக்க ஒரு பட்டியல், பார்க்க ஒரு பட்டியல். சினிமா எதற்கு என்று நான் யோசித்தேன். தம்பிதான், “படத்தைச் சொன்னாத்தான் சார் புத்தகத்துக்கே ஆள் வரும்” என்றான்.

நான் வைத்தது சோவியத் காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் போட்ட ஒரு குண்டு நாவல். கல்லூரி நாட்களில் என்னை இரண்டு இரவு தூங்கவிடாத புத்தகம். அதன் கீழே பத்து வரியில் ஒரு குறிப்பும் எழுதினேன். ‘மானுடத்தின் ஆன்மா’ என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் வந்தது. இப்போது நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தம்பி படமான நாவல்களை அடுக்கினான். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’, பக்கத்தில் 1979இல் வந்த ‘உதிரிப்பூக்கள்’ என்று ஒரு துண்டுச் சீட்டு. பூமணியின் ‘வெக்கை’, பக்கத்தில் 2019இல் வந்த ‘அசுரன்’. பார்க்கும் பட்டியலில் நாலு மலையாளப் படங்களும் ஒரு கொரிய சீரியலும்.

அக்காவிடம் கேட்டபோது, “எனக்கு எதுக்கு சார்? நான் தூசி தட்டுறப்போ படிக்கிறதுதான்” என்றார். தூசி தட்டியே பதினோரு வருடத்தில் கதைப் பகுதி முழுவதையும் முடித்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதல் வாரமே சிக்கல். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ‘பார்க்க’ பட்டியலைக் கண்ணாடியைக் கழற்றி ஒரு முறை, மாட்டி ஒரு முறை படித்துவிட்டு, “இதெல்லாம் எந்த ரேக்குல இருக்கு?” என்றார். இங்கே கிடைக்காது, போனில் பார்க்கலாம் என்றான் தம்பி. “கிடைக்காததை எதுக்குய்யா போர்டுல எழுதி வைக்கிறீங்க? ஓட்டல்ல கூடத் தீர்ந்துபோனா அழிச்சிடுறான்” என்றார். நியாயம்தான். அதன் பிறகு அரை மணி நேரம் அவருடைய போனில் ஓடிடி போட்டுக் கொடுப்பதில் தம்பிக்குப் போனது. மறுநாளிலிருந்து அவர் தினசரி படிக்க வரவில்லை. கொரிய சீரியல் பதினாறு எபிசோடு. வாசகர் வருகைப் பதிவேட்டில் ஒன்று குறைந்ததுதான் மிச்சம்.

என் ரஷ்ய நாவலுக்கு வருவோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மேசையில் காணோம். உள்ளுக்குள் ஒரு குதி குதித்துவிட்டேன். பதிவேட்டைப் புரட்டினால் யாரும் எடுத்ததாக இல்லை. கடைசியில் படிப்பறை மூலையில் இருந்தது. தேர்வுக்குப் படிக்கும் பையன் சாப்பிடப் போகும்போது அதை வைத்து இடம் பிடித்திருக்கிறான். “கர்சீப் போட்டா தள்ளிட்டு உக்காந்துடுறாங்க சார். இது நல்லா வெயிட்டா இருக்கு” என்றான். மானுடத்தின் ஆன்மா கிட்டத்தட்ட ஒரு கிலோ இருக்கும்.

இதற்கிடையில் பதிவேட்டில் ஒரு விசித்திரம். மேசையில் இல்லாத புத்தகங்கள் வரிசையாக வெளியே போகின்றன. யார் என்று கவனித்தால், அக்கா. வாசலைப் பெருக்கிக்கொண்டே வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறார். என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்பதே இல்லை. “ராத்திரி தூக்கம் வருதாம்மா?” வராது என்றால் ஒரு புத்தகம். “மருமக வந்துட்டாளா?” வந்துவிட்டாள் என்றால் வேறு புத்தகம். கேட்டுவிட்டுத் துடைப்பத்தின் கைப்பிடியாலேயே அலமாரியைக் காட்டுவார். “மூணாவது தட்டு, பச்சை அட்டை.” வகைப்பாட்டு எண்ணை ஒட்டி ஒட்டி என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம், அவருக்கு அட்டையின் நிறமே போதும்.

ஒரே ஒரு குறை, அக்காவுக்குக் கதையைப் பாதியில் நிறுத்தத் தெரியாது. “கடைசியில அந்தப் பொண்ணு கிணத்துல விழுந்துடும், ஆனா பொழைச்சுக்கும், பயப்படாம படிங்க” என்பார். முடிவைச் சொல்லாதீர்கள் என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னேன். “முடிவு தெரியலைன்னா நெஞ்சு படபடன்னு அடிக்குதாம் சார். பிரஷர்காரங்க” என்றார். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதை இந்த அளவுக்கு நிறைவேற்றியவர் வேறு யாரும் இருக்க முடியாது.

அப்போதுதான் தம்பி ஒரு பழைய கதையைச் சொன்னான். நான் இங்கே மாற்றலாகி வருவதற்கு முன்பு நடந்தது. 2022 செப்டம்பரில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் படம் வந்து, அடுத்தது 2023 ஏப்ரலில்தான் என்றானதும், மிச்சக் கதை தெரியாமல் ஊரே நூலகத்துக்கு வந்திருக்கிறது. நாவல் ஐந்து பாகம். இங்கே இருந்தது நாலு. மூன்றாம் பாகமான ‘கொலை வாள்’ எவர் வீட்டிலோ தங்கிவிட்டது. இரண்டை முடித்துவிட்டு வந்து நிற்பவர்களை அக்கா வேப்ப மரத்தடிக்கு அழைத்துப் போய், பத்து நிமிடத்தில் மூன்றாம் பாகத்தை வாயாலேயே சொல்லி, நாலாம் பாகத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்தப் பத்து நிமிடம் அசலைவிட நன்றாக இருக்கும் என்று சிலர் இன்னமும் சொல்கிறார்களாம். பதிவேட்டில் இதை எந்தத் தலைப்பில் ஏற்றுவது என்று தெரியவில்லை.

சரி, ‘வெக்கை’ விஷயம். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர், ‘அசுரன்’ படத்தை நாலு தடவை பார்த்தவர், தம்பியின் துண்டுச் சீட்டைப் பார்த்து ஆர்வமாக எடுத்துப் போனார். மூன்றே நாளில் திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

“சார், புக்ல பாதியைக் கிழிச்சுட்டானுங்க.”

வாங்கிப் பார்த்தேன். அட்டை முதல் அட்டை வரை சரியாக இருந்தது.

“பிளாஷ்பேக் எங்க சார்? தனுஷ் சின்ன வயசா வருவாரே, அந்தப் பக்கம் ஒண்ணுகூட இல்லை.”

நாவல் வந்தது 1982இல், அப்பாவின் இளமைக் கதை படத்துக்காகச் சேர்த்தது, நாவல் மகனான அந்தப் பையனோடுதான் போகும் என்று விளக்கினேன். பக்க எண்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினேன். ஒன்று விடாமல் இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில், கிழித்ததே நான்தான் என்ற முடிவு தெரிந்தது. அக்கா வந்து, “அந்தக் கதையை வேணா நான் சொல்றேன் தம்பி” என்றார். “படத்தை நானும்தான் பார்த்திருக்கேன்!” என்று கோபமாகப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. சனிக்கிழமை நூலகத்தைத் திறக்கும்போதே ஆள் வாசலில் நின்றார். பக்கத்து ஊர் நூலகத்தில் அவர் மச்சான் உறுப்பினராம். கோபமாகப் போன அன்றைக்கே மச்சான் வீட்டுக்கு வண்டியை விட்டிருக்கிறார். அங்கிருந்த ‘வெக்கை’யையும் இரவோடு இரவாகப் படித்து முடித்துவிட்டார். என் பக்கமாக வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

“மன்னிச்சுக்கோங்க சார், உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். அங்கேயும் கிழிச்சிருக்கானுங்க.”