பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அக்காவுக்குச் சம்பளம் கொடுங்கள்

டாக்டர் பற்றாக்குறை என்று பேச்சு எடுத்தாலே ஒரு பதில் தயாராக வந்துவிடுகிறது. டாக்டர் வேலையில் கொஞ்சத்தை நர்ஸிடம் கொடு, நர்ஸ் வேலையில் கொஞ்சத்தை ஊர்ப் பெண்களிடம் கொடு, ஆள் கிடைக்கும் வரை சமாளிக்கலாம். இதில் அந்த 'ஆள் கிடைக்கும் வரை' என்கிற நினைப்போடுதான் எனக்குச் சண்டை. ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் பி.பி. பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும் தற்காலிக ஏற்பாடு, நிறைய டாக்டர் வந்துவிட்டால் நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறவர்கள், பிரஷரும் சுகரும் எந்த மாதிரியான வியாதி என்று இன்னும் யோசிக்கவில்லை. எத்தனை டாக்டர் வந்தாலும் அவர்கள் இந்த வேலையைச் செய்யப் போவதில்லை. இதற்கு முன்னாலும் யாரும் செய்துகொண்டிருக்கவில்லை.

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையங்களில் (பி.எச்.சி.) மாத்திரை இலவசம், மருந்து வாங்கி அனுப்ப 1994-இலேயே தனியாக ஒரு கழகம் அமைத்து அதை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற அளவுக்கு நடத்துகிறோம். அப்படிப்பட்ட மாநிலத்தில் 2020-இல் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. அதைவிட மோசமானது அடுத்த எண். பிரஷர் இருப்பவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். சுகர் கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். நூறு பேருக்கு பிரஷர் இருந்தால் தொண்ணூற்று மூன்று பேர் என்றைக்கோ வரப்போகும் பக்கவாதத்தையோ மாரடைப்பையோ நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஏன் இப்படி? பிரஷர் வலிக்காது. முதல் காரணமும் பெரிய காரணமும் அதுதான். வலிக்காத ஒன்றுக்காக மாதா மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போய், ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, பிரஷருக்கு அதே அம்லோடிபினையும் சுகருக்கு அதே மெட்ஃபார்மினையும் வாங்கிக்கொண்டு மத்தியானம் வீடு திரும்ப வேண்டும், அதுவும் சாகும் வரைக்கும். நடவு நேரத்தில் யார் போவார்கள்? முதலில் ஒரு மாதம் விட்டுப்போகும், அப்புறம் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அடுத்த மாதமும் விட்டுப்போகும். டாக்டர் அங்கே இருக்கத்தான் இருக்கிறார், மாத்திரையும் இருக்கிறது, வராதவரைத் தேடிப் போகத்தான் ஆள் இல்லை.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியபோது தமிழ்நாடு அரசு அந்தக் குறையைத்தான் நிரப்பியது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களில் ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, கையில் பி.பி. மிஷின், குளுக்கோமீட்டர் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் தனியாகப் போகிறார்கள், அதுவும் பெரிய விஷயம்தான், ஆனால் நான் எழுத வந்தது அந்தக் குழுப் பெண்களைப் பற்றி.

எங்கள் ஊருக்கு வரும் அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாவுக்கு பிரஷர், சுகர் இரண்டும் உண்டு, நான் வேலைக்காக வெளியூரில் இருக்கிறேன், அம்மா மாத்திரை சாப்பிடுகிறாரா இல்லையா என்பதே அந்த அக்கா மூலமாகத்தான் எனக்குத் தெரியும். "பெரியம்மா, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க, பேசாம இருங்க, அப்பத்தான் சரியா காட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் மிஷினைக் கையில் கட்டுவார். நகரத்தில் பணம் கட்டிப் பார்க்கும் கிளினிக்குகளில்கூட எனக்கு யாரும் அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுத்தது கிடையாது. பார்த்து முடித்ததும் போன மாத அட்டையைக் கேட்டு வாங்கி எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார். மிச்சம் இருந்தால் ஏன் என்று கேட்பார். திட்ட மாட்டார்.

காரணங்கள் அவருக்கு அத்துப்படி. ஆடி மாதம் காப்புக் கட்டி விரதம் இருப்பவர்கள் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். ஒரு வீட்டில் நாவல் கொட்டைப் பொடி வந்ததும் மெட்ஃபார்மின் நின்றுபோகும். "மாத்திரை தொடர்ந்து போட்டா கிட்னி போயிடும்" என்று யாரோ சொன்னதை நம்பி நிறுத்தியவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள், மாத்திரை போடாமல் விட்டால்தான் கிட்னி போகும் என்பதை அவர்களிடம் அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்வது அவர் வேலையில் பாதி. குடிக்கிற வீட்டுக்காரர் எந்த நேரத்தில் தெளிவாக இருப்பார், அவரிடம் எப்போது போய் பேசலாம் என்பதுவரை அவருக்குத் தெரியும். இதெல்லாம் எந்த எம்.பி.பி.எஸ். பாடத்திலும் வராது, ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்க வேண்டிய டாக்டரால் தெரிந்துகொள்ளவும் முடியாது.

எண்ணும் மாறியிருக்கிறது. 2023-24-இல் இரண்டாவது முறை எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்கள் 17 சதவீதமாகவும், சுகர் கட்டுக்குள் இருப்பவர்கள் 16.7 சதவீதமாகவும் உயர்ந்திருந்தார்கள். இன்னும் எண்பத்து மூன்று பேர் மிச்சம் இருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. முழுப் பெருமையும் இந்த ஒரு திட்டத்துக்கே என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று நான்கு வருஷத்தில் பிரஷர் எண் இரண்டு மடங்குக்கும் மேல் போனதற்கு வேறு பெரிய காரணம் எனக்குத் தென்படவில்லை. 2024-இல் ஐ.நா. அமைப்புகளின் கூட்டுப் பணிக்குழு இந்தத் திட்டத்துக்கு விருதும் கொடுத்தது.

வெளியே நடந்த ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் மூன்று நாடுகளிலும் 30 கிராமப் பகுதிகளில் 2,645 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தந்த நாட்டில் ஏற்கெனவே வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த சுகாதாரப் பணியாளர்களுக்கே பி.பி. பார்க்கவும், ஆலோசனை சொல்லவும், அதிகமாக இருந்தால் டாக்டரிடம் அனுப்பவும் பயிற்சி கொடுத்தார்கள், கூடவே டாக்டர்களுக்கும் பயிற்சி. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் மற்ற ஊர்களைவிட இந்த ஊர்களில் மேல் பி.பி. 5 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. 5 புள்ளி என்பது ஒரு ஆளுக்குப் பெரிதாகத் தெரியாது, ஒரு மாவட்டம் முழுக்க அவ்வளவு குறைந்தால் எத்தனை பக்கவாதம் தடுக்கப்படும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஆன செலவு வருஷத்துக்கு 11 டாலருக்கும் குறைவு.

படிக்காத பெண்கள் கையில் மருந்தைக் கொடுப்பதா என்று பயப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது கட்சிரோலியைப் பற்றி. மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில், காட்டை ஒட்டிய மாவட்டம். டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி 1986-இல் அங்கே போய் சர்ச் (SEARCH) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குழந்தைகள் நிமோனியாவில் செத்துக்கொண்டிருந்த ஊர்கள் அவை. நிமோனியாவைக் கண்டுபிடிக்க முதல் வழி மூச்சை எண்ணுவது: இரண்டு மாதம் ஆகாத குழந்தை நிமிஷத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் ஆபத்து, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. ஊர் மருத்துவச்சிகளுக்கு அவ்வளவு தூரம் எண்ணத் தெரியாதே, என்ன செய்வது? ஒரு நிமிஷ மணல் கடிகாரத்தோடு மணிகள் கோத்த ஒரு சட்டத்தைச் செய்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும், மணல் இறங்கி முடிவதற்குள் கடைசி மணி நகர்ந்துவிட்டால் நிமோனியா. அந்தப் பாட்டிகள் அதை வைத்துக் கண்டுபிடித்து மருந்தும் கொடுத்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகிறது. வேலையை மாற்றிக் கொடுத்தவர்கள் அதற்கு ஏற்ற கருவியையும் உட்கார்ந்து யோசித்துச் செய்துகொடுத்திருக்கிறார்கள்.

அதற்கு அடுத்து பிறந்த குழந்தைகள். 39 கிராமங்களில் அதிகம் படிக்காத பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தையை எடை பார்க்க, சூடாக வைத்திருக்க, ரத்தத்தில் நோய்த்தொற்று என்றால் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போடுவதுவரை சொல்லிக்கொடுத்தார்கள். ஆயிரத்துக்கு 62 என்று இருந்த பச்சிளங் குழந்தை இறப்பு மூன்றே வருஷத்தில் 25 சொச்சத்துக்கு வந்தது. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்த்த 47 கிராமங்களில் அது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. இந்த முடிவு 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. இன்றைக்கு நாடு முழுக்க ஊர்களில் வேலை செய்யும் ஆஷா என்ற சுகாதாரப் பணியாளர்கள் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கிறார்கள் என்றால் அதற்கு விதை அங்கே போட்டது.

டாக்டர்கள் தரப்பின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தபோது, சமுதாய சுகாதாரப் பணியாளர் என்ற பெயரில் டாக்டர் அல்லாதவர்களுக்கு மருந்து எழுதும் உரிமை கொடுக்கும் பிரிவை எதிர்த்து நாடு முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. கிராமத்தானுக்கு மட்டும் அரைகுறை வைத்தியமா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. எங்கள் அக்கா மருந்தின் அளவை மாற்றுவதில்லை, மாற்றவும் கூடாது. அளவுக்கு மேல் போனால் அவர் சொல்வது ஒன்றுதான்: "நாளைக்கே பி.எச்.சி. போங்க." அப்படிப் போகும்போது அங்கே டாக்டர் நாற்காலி காலியாக இருந்தால் அக்கா செய்த அத்தனையும் வீண். ஊர்ப் பெண்கள் வந்துவிட்டார்கள், இனி டாக்டர் இடத்தையும் கிராம சுகாதார செவிலியர் இடத்தையும் நிரப்ப அவசரமில்லை என்று யாராவது கணக்குப் போட்டால் அது மக்களை ஏமாற்றுவது. முன்பெல்லாம் பிரஷர் இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள் இப்போது தெரிந்துகொண்டு வருகிறார்கள், அதனால் டாக்டருக்கு வேலை கூடத்தான் செய்யும்.

மாத்திரை வராமல் போவதும் அப்படித்தான். போன வருஷம் எங்கள் பக்கம் ஒரு மாத்திரை சில வாரங்களுக்கு வரவில்லை. அக்கா வெறுங்கையோடு வீடு வீடாகப் போய் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. கிடங்கில் நடந்த தப்புக்குப் பேச்சு வாங்கியவர் அவர். ஒரே தெருவில் குடியிருப்பவர் ஆயிற்றே, அவரிடம்தான் எல்லோரும் கேட்க முடியும்.

இனி சம்பளத்துக்கு வருகிறேன். மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகையில் தொடங்கி பிறகு 5,500 ஆனது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அதாவது மாதம் முழுக்க அலைந்தால் கிடைப்பது பதினாறு நாள் கூலி. பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவதால் காலையில் ஏழு மணிக்கு முன்னாலும் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகும் போக வேண்டியிருக்கிறது, நடுவில் செல்போனில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காவிட்டால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும், முகாம் என்றால் அதற்கும் கூப்பிடுவார்கள். அரசு ஊழியர் கணக்கில் அவர்கள் வராததால் பி.எஃப். இல்லை, பேறுகால விடுப்பு இல்லை, ரோட்டில் வண்டியில் விழுந்தால் அந்த மாதம் அவ்வளவுதான்.

நாடு முழுக்க இதே கதை. ஆஷா பணியாளர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் விருது கொடுத்தது. 2025 பிப்ரவரியிலிருந்து கேரளத்தின் ஆஷாக்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்து முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள், 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்குங்கள் என்று கேட்டு. சிலர் மொட்டை அடித்துக்கொண்டார்கள். சுகாதாரத்தில் நாட்டுக்கே முன்னோடி என்று பெயர் வாங்கிய மாநிலத்தின் நிலைமை இது. இந்த வேலையைப் பெண்கள் செய்வதால்தான் இவ்வளவு குறைவாகக் கொடுக்க முடிகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டில் மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதை இலவசமாகச் செய்கிறவர்கள்தானே, ஊருக்கும் அப்படியே செய்யட்டும் என்கிற எண்ணம் அடியில் இருக்கிறது. இந்தப் பெண்களை நிரந்தரப் பணியாளர்களாக எடுத்து, குறைந்தபட்சக் கூலியாவது கொடுத்து, நன்றாகச் செய்கிறவர்கள் படித்து நர்ஸாக மேலே போகவும் ஒரு வழி வைக்க வேண்டும். ஒருவருக்குப் பக்கவாதம் வந்து ஜி.எச்.சில் படுத்தால் அரசுக்கு ஆகும் செலவோடும் அந்தக் குடும்பம் இழக்கும் கூலியோடும் பார்த்தால் இது பெரிய தொகையே இல்லை.

வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் நான் இரண்டு தீர்மானம் கேட்கப் போகிறேன். துணை சுகாதார நிலையத்தில் எந்தப் பிரஷர், சுகர் மாத்திரை எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று வாரா வாரம் வெளியே எழுதி ஒட்ட வேண்டும். எங்கள் அக்காவுக்கும் மற்ற ஊர்ப் பெண்களுக்கும் மாதச் சம்பளம் கேட்டு அரசுக்கு எழுத வேண்டும். உங்கள் ஊரிலும் இதைக் கேட்கலாம், தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் பிரஷர், சுகர் உள்ள பெரியவர்கள் இருந்து இதுவரை யாரும் வரவில்லை என்றால் 104-க்குக் கூப்பிட்டு உங்கள் பகுதிக்கு யார் வருகிறார்கள் என்று விசாரியுங்கள்.