ஓரியூர் போகும் வழியில் ஒரு சின்னப் பங்கு

திருத்தலம் என்றதும் நமக்கு வேளாங்கண்ணி, பூண்டி, புளியம்பட்டி, ஓரியூர் என்று பெரிய பெயர்கள்தான் நினைவுக்கு வரும். போவோம், பூசை காண்போம், மெழுகுவர்த்தி ஏற்றுவோம், அன்று ராத்திரியே பஸ் ஏறிவிடுவோம். இந்தத் தடவை ஓரியூர் போகிற வழியில், திருவாடானைப் பக்கம் ஒரு கிராமப் பங்கில் (ஒரு குருவின் பொறுப்பில் இருக்கிற கோயிலும் அதைச் சேர்ந்த ஊர்களும்தான் பங்கு) ஒரு ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரை தங்கினேன். அங்கே பங்குத்தந்தையாக, ஊர்க்காரர்கள் வாயில் 'சாமியாராக', இருப்பவர் நெடுநாள் பழக்கம். போனில் கேட்டபோது, "தாராளமா வா, ஆனா இங்க பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார். பார்க்க ஏராளம் இருந்தது, அதைத்தான் எழுதுகிறேன்.

சிவகங்கை மறைமாவட்டத்துப் பங்கு அது, அதாவது சிவகங்கை ஆயரின் ஆளுகைக்கு உட்பட்டது. 1987-இல் மதுரையிலிருந்து பிரிந்த இந்த மறைமாவட்டத்தில் சிவகங்கை, ராமநாதபுரம் இரண்டு மாவட்டங்களும் அடக்கம். வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல், அரைகுறையாகப் பெய்தால் மிளகாய், அதுவும் பொய்த்துவிட்டால் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம். இளவட்டங்கள் பாதிப்பேர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். ஊரில் இருப்பது பெரியவர்கள், பெண்கள், பிள்ளைகள். ஓட்டுக்கூரையை மாற்றித் தளம் போட்ட ஒரு கோயில், பக்கத்தில் சாமியாரின் அறை வீடு, எதிரே கன்னியர் மடம், பின்னால் கல்லறைத் தோட்டம், ஒரு வேப்பமரம். ஏழெட்டுக் கிளைக் கிராமங்கள் இதைச் சேர்ந்தவை.

ஞாயிறு முதல் மணி அடிக்கும்போது சாமியார் ஊரிலேயே இல்லை. விடிவதற்கு முன்பே பைக்கில் ஒரு கிளை ஊருக்குப் பூசைக்குப் போய்விட்டார். கோயிலைத் திறந்தது, மணியடித்தது, பீடத்து மெழுகுதிரியைக் கொளுத்தியது, ஜெபமாலையைத் தொடங்கியது எல்லாம் உபதேசியார்தான், குருவுக்குத் துணையாக ஊரில் ஜெபம் நடத்துகிற பொதுநிலையினர். எழுபதைத் தாண்டிய மனிதர், வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. அந்த நோட்டில் அன்றைய பூசைக்கருத்து, வாசகம் வாசிப்பவர், மன்றாட்டு சொல்கிற பிள்ளைகள், யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று சகலமும் இருக்கும். "சாமி வர்றதுக்குள்ள அஞ்சு தேவ ரகசியமும் முடிஞ்சிரணும் தம்பி" என்று சொல்லிவிட்டு முழங்காலில் நின்றார். இரண்டாம் மணி அடித்து, பைக் சத்தம் கேட்டு, கடைசி ஜெபங்கள் சொல்லி முடிக்கவும் சாமியார் திருவுடை அணிந்து வெளியே வரவும் சரியாக இருந்தது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வாரநாட்களில் ஒவ்வொரு பூசையும் பெரும்பாலும் யாரோ ஒருவர் காணிக்கை கொடுத்து ஒப்புக்கொடுக்கச் சொன்ன கருத்துக்காக இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கட்டாயம் பூசை காணவேண்டிய கடன் திருநாள்களிலும் ஒரு பூசையைப் பங்குத்தந்தை தன் மக்கள் எல்லாருக்காகவும் ஒப்புக்கொடுத்தாக வேண்டும், அதற்குக் காணிக்கை வாங்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம் (534-ஆம் விதி). சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிற பையனுக்கும், கோயில் பக்கமே வராமல் போனவருக்கும், அன்று கண்மாய்க்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பூசை. அதைத் தெரிந்துகொண்டு அந்தச் சின்னக் கோயிலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பூசை முடிந்ததும் வாசலில் ஏலம். காணிக்கைப் பவனியில் வந்த பொருள்களைத்தான் ஏலம் விடுவார்கள். அன்று ஒரு சேவல், நாலு தேங்காய், ஒரு மரக்கால் நெல், அப்புறம் ஒரு பூசணிக்காய். அந்தப் பூசணி ஒரு கைம்பெண்ணின் கொல்லையில் முதல் காய்ப்பு. காம்பில் இன்னும் பால் காயவில்லை, அடியில் மண் ஒட்டியிருந்தது. ஒருவர் ஏலத்தில் எடுத்தார், பணத்தைக் கொடுத்தார், காயைத் திரும்பவும் மேசைமேலேயே வைத்து "மறுபடி கூறுங்க" என்றார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாம் கை மாறிய பிறகுதான் அது வீட்டுக்குப் போனது. அந்த அம்மா ஓரமாக நின்று சேலைத் தலைப்பால் வாயை மூடியபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காணிக்கை மூன்று மடங்காகிக் கோயிலில் சேர்ந்தது. பெரிய திருத்தலத்து உண்டியலில் நான் போட்ட எந்த நோட்டும் எனக்கு இப்படி நினைவில் நிற்கவில்லை.

பிறகு மறைக்கல்வி. வேப்பமரத்தடியில் சிஸ்டர் ஒரு பக்கம், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண் ஒரு பக்கம். புதுநன்மைக்கு, அதாவது முதல்முறை நற்கருணை வாங்க, தயாராகிற குட்டிகள் பாவசங்கீர்த்தன மன்றாட்டை மனப்பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "என் பாவமே" என்ற இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் நெஞ்சில் பலமாகத் தட்டிக்கொள்ள, சிஸ்டர் "மெதுவா, மெதுவா" என்றார்.

திங்கட்கிழமை இறந்தோருக்கான பூசை, கல்லறை மந்திரிப்பு. அதற்குப் பிறகு சாமியாருக்கு ஓய்வு நாள். ஓய்வு என்று சொன்னாலும் ஒருவர் மகளின் கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வந்துவிட்டார். அலமாரியிலிருந்து இறக்கிய பதிவேட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கிடைத்தது எனக்கு. நீளமான பேரேடு, ஓரங்கள் பழுத்து உதிர்கின்றன. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன், கொடுத்த குரு. ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் வேறு வேறு மையில் பின்னால் எழுதிச் சேர்த்த குறிப்புகள்: உறுதிபூசுதல் எந்த வருடம், கல்யாணம் எந்தப் பங்கில் யாரோடு. ஓரிடத்தில் 'குருப்பட்டம்' என்று இருந்தது. எங்கே போய் வாழ்ந்தாலும் இந்தச் செய்திகளெல்லாம் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் பேரேட்டுக்கே திரும்பி வந்து சேர வேண்டும் என்பது விதி. பதிவேடு வைக்கவேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் கட்டாயமாக்கிய வழக்கம் திருவாடானைப் பக்கத்து மர அலமாரியில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வந்தவருடைய மகளின் பெயர் கிடைத்ததும், சாமியார் அதே பக்கத்தில் இன்னும் மேலே விரலை வைத்து, "இது உங்க அக்கா பிள்ளைதானே" என்றார். அவர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

செவ்வாய் சாயங்காலம் அந்தோணியார் நவநாள், அவரை நோக்கி வாராவாரம் நடக்கிற சிறப்பு ஜெபம். 1231 ஜூன் 13-இல் பதுவாவில் இறந்தவரை அடுத்த செவ்வாயன்று அடக்கம் செய்தார்கள், அதிலிருந்து செவ்வாய் அவருடைய நாள். வாரநாட்களில் அதிகக் கூட்டம் அன்றைக்குத்தான், வந்தவர்களில் பாதிப்பேர் இந்துக்கள். உப்பும் மிளகும் போடுகிறார்கள், மந்திரித்த எண்ணெய் வாங்கிப்போகிறார்கள். காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நெற்றியில் குங்குமத்தோடு வந்த ஒரு தாய்க்கு, ஆட்கள் ஒதுங்கி முன்னால் இடம் விட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. புதன்கிழமை சகாய மாதா நவநாள், பெண்கள் கூட்டம் அதிகம், பாட்டு நன்றாக இருந்தது.

வியாழன்தான் எனக்கு மிகவும் பிடித்த நாள். அன்று அன்பியக் கூட்டம். பத்திருபது வீடுகள் சேர்ந்தது ஓர் அன்பியம், வாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள். நான் போனது ஒரு ஒற்றை அறை வீடு. டிவியை நிறுத்தி, மேலே ஒரு துண்டு விரித்து, மாதா படம் வைத்து, பக்கத்தில் விவிலியம், திரி, ஒரு கிண்ணத்தில் மல்லிகை. பாயில் ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள், உபதேசியார். சாமியார் வரவில்லை, அவர் வரவேண்டிய அவசியமும் இல்லை. ஆப்பிரிக்காவின் லும்கோ மையத்திலிருந்து உலகமெங்கும் பரவிய ஏழு படிகள் முறையில்தான் வாசித்தார்கள்: ஆண்டவரை அழைப்பது, பகுதியை வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லை மூன்று தடவை சொல்வது, மௌனம், பகிர்வு, என்ன செய்யப்போகிறோம் என்று பேசுவது, ஜெபம். அன்று திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய பகுதி. ஒரு அம்மா "நாலு பேர், நாலு பேர், நாலு பேர்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆறாம் படி வந்தபோது பேச்சு நேரே காரியத்துக்குப் போனது. தெருக்கடைசியில் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிற அப்பத்தாவை யார் எந்த நாளில் குளிப்பாட்டுவது என்று பிரித்துக்கொண்டார்கள். உபதேசியார் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அந்த "நாலு பேர்" யார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுநாள், மாதத்தின் முதல் வெள்ளி, அதே அப்பத்தாவுக்கு நன்மை (நற்கருணை) கொடுக்கச் சாமியாரோடு போனேன். அவர் மார்பில் சின்ன நற்கருணைச் சிமிழ், முன்னால் மணியோடு ஒரு பீடச்சிறுவன். தெருவில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். உள்ளே அப்பத்தா குளித்து, திருநாள் சேலை கட்டி, சுவரில் சாய்ந்து காத்திருந்தது. "தோத்திரம் சாமி" என்று சொல்ல முயன்று பாதிதான் வந்தது. "ஆசீர்வாதம் அப்பத்தா" என்று சொல்லி அவர் தரையில் உட்கார்ந்தார். அப்பத்தா நன்மை வாங்கிய பிறகு கண்ணை மூடியது, வெகுநேரம் திறக்கவில்லை. நாங்கள் யாரும் அசையவில்லை.

சனிக்கிழமை கோயில் கூட்டிக் கழுவுகிற நாள், ஒவ்வொரு வாரமும் ஓர் அன்பியத்துக்கு முறை. பீடத்துணி துவைத்துக் காய்கிறது, பாடகர் குழு மறுநாள் பாட்டுக்குத் தொண்டையைச் சரிசெய்கிறது. மரியாயின் சேனைக்கும் அன்றுதான் கூட்டம். 1921-இல் டப்ளினில் ஒரு சிறு குழுவாக ஆரம்பித்த சேனை, இந்த ஊரில் ஆறு பெண்கள். மாதா சுரூபத்துக்கு முன் ஜெபமாலை சொல்லி, போன வாரம் யார் யாரைச் சந்தித்தோம் என்று ஒவ்வொருவரும் அறிக்கை சொல்கிறார்கள். சாயங்காலம் பாவசங்கீர்த்தனம், மூன்றே மூன்று பேர் வந்தார்கள். சாமியார் ஒரு மணி நேரம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

உபதேசியாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1606-இல் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்த காலத்திலிருந்தே குருக்கள் ஒரு கைப்பிடி, ஊர்களோ நூற்றுக்கணக்கு. சாமியார் வருடத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிது. ஜெபம் சொல்லிக்கொடுத்தவர்கள், சாகக்கிடக்கிறவர் பக்கத்தில் இருந்தவர்கள், ஆபத்தில் இருந்த குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் உபதேசியார்களே. 1773-இல் இயேசு சபையையே கலைத்துவிட்டார்கள். 1830-களின் கடைசியில் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பி வரும்வரை அறுபது வருடத்துக்கு மேல், இருந்த சொற்பக் குருக்கள் எட்டமுடியாத ஊர்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் இவர்கள். நான் பார்த்த பெரியவருக்குத் தகப்பனாரும் உபதேசியார்தானாம். "எங்க அப்பா காலத்துல சருகணியில லெவே சாமி இருந்தாரு தம்பி, நடந்தே வருவாரு" என்றார். சருகணிக் கோயிலில் லெவே அடிகளாரின் கல்லறை இருக்கிறது. 1973-இல் இறந்தவர், பிரான்சிலிருந்து வந்து இந்த மண்ணிலேயே அடங்கியவர். இப்போது அவரைப் புனிதராக்கச் சொல்லி எல்லாப் பங்குகளிலும் ஜெபிக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஓரியூருக்குப் போனேன். புனித அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ என்ற போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு) தலை வெட்டுண்ட இடம். 1693 பிப்ரவரி 4, அன்று சாம்பல் புதன். லிஸ்பனில் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை, காவியுடுத்தி, மரக்கறி உண்டு, மறவர் நாட்டுக் காடுகளில் நடந்து, கடைசியில் பாம்பாற்றங்கரையில் கழுத்தைக் கொடுத்தார். செம்மண்ணைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆட்கள் கொஞ்சம் மடித்து எடுத்துப்போனார்கள், நானும் எடுத்தேன். முன்பு வந்தபோதெல்லாம் அவருடைய மரணத்தை மட்டுமே நினைத்திருக்கிறேன். இந்தத் தடவை அவர் நடந்துபோன ஊர்களை நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போன பிறகு அங்கே யார் விளக்கேற்றினார்கள், யார் ஜெபமாலை சொன்னார்கள் என்று யோசித்தபோது, நோட்டும் கையுமாக நின்ற உபதேசியார்தான் கண்முன் வந்தார்.

ஓரியூர் வருகிறவர்கள், சருகணியும் இடைக்காட்டூரும் சுற்றிப்பார்க்கிறவர்கள், முடிந்தால் நடுவில் ஏதாவது ஒரு சின்னப் பங்கில் ஒரு ராத்திரி தங்குங்கள். முன்கூட்டியே போனில் பங்குத்தந்தையிடம் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வியாழன் அல்லது செவ்வாயாக இருந்தால் நல்லது. வெளியூர்க்காரர் என்று தெரிந்ததும் உங்களை வாசகம் வாசிக்கச் சொல்வார்கள். கூச்சப்படாமல் போய் வாசியுங்கள், ஆனால் நிறுத்தி வாசியுங்கள், பின்வரிசையில் காது கேட்காத பெரியவர்கள் நிறையப் பேர்.