காற்று வாங்கிவிட்டு எழுதியது

12 பிப்ரவரி 2012, ஞாயிறு

லாஸ் ஏஞ்சலஸில் நூறு ரசிகர்களை உட்காரவைத்து 'தி சிம்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் எபிசோடுகளை வரிசையாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று முடிந்தது. கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் இரண்டே பேர். 86 மணி 37 நிமிடம், உலக சாதனையாம். மனைவியிடம் படித்துக் காட்டினேன். "நீங்க பதினெட்டு வருஷமாப் பார்க்கறீங்க, உங்களுக்கு யாரும் ஒண்ணும் குடுக்கலையே" என்றாள்.

அடுத்த ஞாயிறு 500-வது எபிசோடு. போன அக்டோபரில் குரல் நடிகர்களின் சம்பளத் தகராறில் நிகழ்ச்சியே நின்றுபோகும் என்ற நிலை வந்தது. அவர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டதால் இன்னும் இரண்டு சீசன் ஓடும். அன்று நிம்மதியாக இருந்ததா, ஏமாற்றமாக இருந்ததா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

18 பிப்ரவரி, சனி

பரணிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன்.

1994 செப்டம்பரில் ஓஹையோவுக்குப் படிக்க வந்தேன். நான்கு பேருக்கு இரண்டு அறை. அந்த மாதம்தான் பழைய எபிசோடுகளை உள்ளூர் சேனல்கள் தினமும் மறு ஒளிபரப்பு செய்யத் தொடங்கியிருந்தன. சாயங்காலம் குக்கர் அடுப்பில் ஏறும்போது டிவியும் ஓட ஆரம்பிக்கும். அமெரிக்க உச்சரிப்பு பாதிதான் புரியும் என்பதால் திரையின் அடியில் எழுத்தை ஓடவிடுவோம். மூன்றாவது விசிலும் முக்கியமான வசனமும் ஒரே நேரத்தில் வரும். நாலு பேரும் பாய்ந்துபோய்த் திரை அருகே நின்று படிப்போம். ஒருவன் சிரித்து முடித்த பிறகு இன்னொருவனுக்குப் புரியும், அவன் தனியாகச் சிரிப்பான்.

ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் சிம்சன் வீட்டுப் பையன் பார்ட் கரும்பலகையில் எழுதும் இம்போசிஷன் வரிகளை நான் இந்த நோட்டில் எழுதிவைத்தேன். பக்கத்திலேயே தமிழில் பொருள். சில வரிகளுக்கு எதிரே கேள்விக்குறி மட்டும். ஒரு பக்கத்தில் மஞ்சள் கறை, பார்ட்டின் மஞ்சள் நிறத்து அப்பா ஹோமருடையது அல்ல, சாம்பாருடையது.

சிம்சன் குடும்பத்தின் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டு எந்த மாநிலம் என்பதில் எனக்கும் கோயம்புத்தூர் நண்பனுக்கும் தீராத சண்டை. எங்கள் ஓஹையோவிலேயே ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு உண்டு, அதுதான் என்பேன். இலினாய் தலைநகரும் ஸ்பிரிங்ஃபீல்டுதானே என்பான் அவன். இருபது டாலர் பந்தயம். கடைசிப் பக்கத்தில் இருவர் கையெழுத்தும் இருக்கிறது. கடன் வாங்கிய காரில் ஒருநாள் ஊர் எல்லைப் பலகைவரை போய்ப் படமும் எடுத்தோம். படத்தில் என் கட்டைவிரல்தான் பெரிதாக விழுந்திருந்தது.

19 பிப்ரவரி, ஞாயிறு, இரவு

எட்டு மணிக்கு உட்கார்ந்தோம். மகள் கையில் பாப்கார்ன், நான் வெறுங்கையோடு. பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

தொடக்கத்தில் குடும்பம் வந்து உட்காரும் சோஃபா காட்சி வழக்கம்போல் ஒன்று இல்லை. பழைய சோஃபா காட்சிகளையே ஒன்றன்பின் ஒன்றாக, கண் சிமிட்டும் வேகத்தில் ஓட்டினார்கள். நான் "இது ரெண்டாவது சீசன், இது அஞ்சாவது" என்று கத்திக்கொண்டே வந்தேன். "அப்பா, இதுக்கு மார்க் கிடையாது" என்றாள்.

கதை இதுதான்: அவசரகால ஒத்திகை என்று சொல்லிவிட்டு ஊரார் ரகசியமாகக் கூட்டம் போடுகிறார்கள். ஹோமரும் பார்ட்டும் இத்தனை ஆண்டு செய்த நாசத்துக்கு ஊர் அழுத தண்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே குடும்பத்தையே ஊர்விலக்கு செய்ய ஓட்டெடுப்பு. நம் பஞ்சாயத்து ஆலமரத்தடி தோற்றது போங்கள். துரத்தப்பட்டவர்கள் போய்ச் சேர்வது அவுட்லேண்ட்ஸ் என்ற சட்டதிட்டம் இல்லாத வனாந்தரம். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசான்ஜ். இங்கிலாந்தில் வீட்டுக்காவலில் இருந்த மனிதர், தொலைபேசி வழியாக உண்மையிலேயே குரல் கொடுத்திருக்கிறார்.

முடிந்ததும் திரையில் ஒரு அறிவிப்பு. 500 எபிசோடு பார்த்ததற்கு நன்றி. இணையத்தில் ஏறி 'படுமோசம்' என்று எழுதுவதற்கு முன் வெளியே போய்க் கொஞ்சம் நல்ல காற்று வாங்குங்கள், அவ்வளவுதான் கேட்கிறோம் என்று.

என் விரல் விசைப்பலகையில் இருந்தது. சத்தியமாக.

20 பிப்ரவரி, திங்கள்

அதிபர் தின விடுமுறை. நியூஜெர்சி குளிரில் கோட்டை மாட்டிக்கொண்டு காற்று வாங்கப் போனேன். மூக்கு சிவந்து வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

படுமோசம் இல்லை. அசான்ஜ் வந்த காட்சி வீண். ஆள் கிடைத்துவிட்டார் என்பதற்காகவே எழுதியது. 1993-இல் மோனோரயில் கதை எழுதிய கோனன் ஓ'பிரையன் காலத்தில் பத்து நொடிக்கு ஒரு வெடி இருக்கும். நேற்று நான் வாய்விட்டுச் சிரித்தது இரண்டு முறை. ஆனால் பின்பாதியில், ஹோமரின் மனைவி மார்ஜ் பழைய ஊருக்குத் திருட்டுத்தனமாகப் போய்ப் பிடிபட்டு, வசவு வாங்கிய பிறகு, 'நமக்கு இந்தப் பொட்டல்தான் வீடு' என்று மனசு மாறுகிறாளே, அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை, வேறு ஏதோ வந்தது. விட்டு வந்த ஊருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போய், நான்காம் நாளே வேற்றாளாக உணர்கிறவனுக்கு அது தெரியும். அப்புறம் ஊரே ஒவ்வொருவராகக் கிளம்பி அவர்கள் பின்னாலேயே வந்துவிடுகிறது. அந்த வசதி நமக்கு இல்லை.

மகளிடம் எப்படி என்று கேட்டேன். "நல்லாதான் இருந்துச்சு. நீங்கதான் எபிசோடைப் பார்க்காம என் முகத்தையே பார்த்துட்டு இருந்தீங்க."

21 பிப்ரவரி, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. இன்று அலுவலகத்தில் ஒருவர், நான் ரசிகன் என்று தெரிந்ததும், தொடரில் வரும் இந்தியக் கடைக்காரன் அபுவின் குரலில் 'நன்றி, மீண்டும் வருக' என்றார். பதினெட்டு வருடத்தில் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். சிரித்துவைத்தேன். அபு என்ற பெயர் சத்யஜித் ராயின் கதாநாயகனிடமிருந்து எடுத்தது. குடும்பப் பெயர் நஹாசபீமாபெட்டிலன், இந்தியாவில் எந்த மூலையிலும் ஒட்டாத பெயர். அவனும் என்னைப் போல மாணவனாக வந்து கம்ப்யூட்டரில் டாக்டர் பட்டம் வாங்கியவன்தான். அது யாருக்கும் நினைவில்லை, உச்சரிப்பு மட்டும் நினைவிருக்கிறது. அந்தக் குரலைப் பேசுவது ஹேங்க் அசாரியா. மதுக்கடைக்காரர் மோவும் அவரே, போலீஸ் தலைவர் விக்கமும் அவரே. மோவின் குரலில் யாரும் என்னிடம் பேசியதில்லை.

4 மார்ச், ஞாயிறு

501. பார்ட் ஊர்ச் சுவரெல்லாம் அப்பாவின் முகத்தை வரைந்து ஒட்டுகிறான். பரவாயில்லை. நானும் பாப்கார்ன் சாப்பிட்டேன்.

11 ஏப்ரல், புதன்

ஸ்மித்சோனியன் பத்திரிகைப் பேட்டியில் தொடரை உருவாக்கிய மேட் க்ரேனிங் சொல்லிவிட்டார். ஊருக்குப் பெயர் வைத்தது ஆரிகன் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டை நினைத்துத்தானாம். நாட்டில் பல இடங்களில் அந்தப் பெயர் இருப்பதால் அவரவர் தம் ஊர் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பதும் காரணமாம்.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். அங்கே விடிகாலை ஐந்து மணி.

"டேய், ஆரிகன்டா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப ரெண்டு பேரும் தோத்துட்டோம்."

"ஆமா."

"இருபது டாலரை யாரு யாருக்குக் குடுக்கறது?"

தெரியவில்லை என்றேன். நோட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். சாம்பார்க் கறையுமா என்றான்.