கடுகு: ஒன்றைத் தின்னும் குட்டி டிராகன்

ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை விளையாட்டை ஆடும் எங்கள் குழுவுக்காக ஒரு குட்டி டிராகனை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். உள்ளங்கையில் சுருண்டு படுக்கும் அளவு. கூட இருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம் கொண்டுவர வேண்டும், அதுதான் அதன் ஒரே வேலை. பெயர் கடுகு. சிறுத்தாலும் காரம் குறையக் கூடாது என்று முதல் நாளே வைத்த பெயர், இன்று வரை மாறவில்லை. விதிகள்தான் நான்கு முறை மாறிவிட்டன.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளில் சூடோடிராகன் என்று ஒரு குட்டி டிராகன் ஏற்கெனவே இருக்கிறது. 7 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி), ஆர்மர் கிளாஸ் (தற்காப்பு எண்) 13, 60 அடி பறக்கும் வேகம். அதன் வாலில் ஒரு கொடுக்கு. கொட்டினால் விஷம், அதைத் தாங்க உருட்டும் பகடையில் ரொம்ப மோசமாகத் தோற்றால் மயக்கமே வந்துவிடும். அதை அடித்தளமாக வைத்துக்கொண்டு கொடுக்கைப் பிடுங்கினேன். சண்டை போடத் தெரிந்த பிராணியை மேஜையில் விட்டால் எல்லோரும் அதைச் சண்டைக்குத்தான் அனுப்புவார்கள். அதிர்ஷ்டம் பின்னால் போய்விடும். புதையல் மேல் படுத்துக் காவல் காக்கும் ஐரோப்பிய டிராகனும் எனக்கு வேண்டாம். சீன மரபில் டிராகன் மழையையும் நற்பேற்றையும் கொண்டுவருவது. என் மனதில் இருந்தது அந்த வகை.

முதல் விதி மிக எளிமையானது. கடுகு இருக்கும் இடத்திலிருந்து 10 அடிக்குள் நிற்கும் நண்பர்கள் எல்லோருக்கும் அட்வான்டேஜ், அதாவது இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். எழுதும்போது அழகாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டபோதுதான் அதன் கனம் தெரிந்தது. ஒற்றைப் பகடையின் சராசரி 10.5, அட்வான்டேஜ் இருந்தால் 13.8 சொச்சம். 11 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி என்ற இடத்தில் 50 சதவீத வாய்ப்பு 75 ஆகிவிடுகிறது. அப்படியும் ஒரு செஷன் ஆடிப் பார்த்தோம். திருடன் கேரக்டருக்கு அட்வான்டேஜ் கிடைத்தாலே ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் சேதம் கிடைக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அவர் மறைவிடம் தேடவில்லை, கூட்டாளி எங்கே நிற்கிறார் என்று பார்க்கவில்லை, கடுகு பக்கத்தில் நின்றுகொண்டு முறைக்கு முறை குத்தினார். அந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டம் என்ற உணர்வே யாருக்கும் வரவில்லை. எப்போதும் கிடைப்பது அதிர்ஷ்டமாகத் தோன்றாது, சம்பளமாகத்தான் தோன்றும்.

இரண்டாவது விதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாளுக்கு மூன்று புள்ளி, வேண்டும்போது செலவழித்து இன்னொரு பகடை உருட்டலாம். 2014 விதிப்புத்தகத்தில் லக்கி என்ற ஃபீட் (கேரக்டர் பெறும் தனித்திறமை) கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறது. கேரக்டர் தாளில் மூன்று கட்டம் வரைந்துகொண்டார்கள், டிராகனை மறந்துவிட்டார்கள். செஷன் முடிவில் "கடுகு எங்கே?" என்று கேட்டேன். பைக்குள் இருப்பதாகச் சொன்னார்கள்.

அப்புறம் நான்கைந்து நாள் இதைத் தொடவே இல்லை. மனது மட்டும் அதையே சுற்றிக்கொண்டிருந்தது. பகடை ஆட்டத்தில் எல்லோரும் அதிர்ஷ்டம் என்று எந்த நொடியில் உணர்கிறார்கள்? 20 விழும்போது கைதட்டுகிறோம், சரி. ஆனால் மிக மோசமான எண்ணான 1 விழும்போதுதான் மேஜையே "அய்யோ" என்கிறது. அந்த 1-ஐக் கடுகு தின்றுவிட்டால்?

மூன்றாவது விதி அங்கிருந்து வந்தது. 30 அடிக்குள் இருக்கும் நண்பர் யாராவது 1 உருட்டினால், கடுகு பிறர் முறையிலும் செய்யக்கூடிய தன் உடனடி எதிர்வினையான ரியாக்‌ஷனைச் செலவழித்து அதை விழுங்கும். உருட்டியவர் மறுபடி உருட்டலாம், இரண்டாவது எண்ணைத்தான் ஏற்க வேண்டும். ஒரு ரவுண்டுக்கு, அதாவது எல்லோரும் ஒரு முறை ஆடி முடிக்கும் சுற்றுக்கு, ஒரு ரியாக்‌ஷன்தான் என்பதால் தானாகவே ஒரு கட்டுப்பாடு வந்துவிட்டது. சராசரி 10.5-லிருந்து 10.975 ஆகிறது, அவ்வளவுதான். எண்ணாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. மேஜையிலோ நிலைமை தலைகீழ். முதல் முறை 1 விழுந்ததும் நான்கு பேரும் ஒரே நேரத்தில் "கடுகு!" என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவு நாள் உழைத்திருக்கிறேன் என்று தோன்றியது.

ஆசை அதோடு நிற்கவில்லை. தின்ற 1-ஐப் பிறகு எதிரி மேல் துப்பலாம், எதிரியின் அடுத்த பகடை 1 என்றே ஆகிவிடும் என்று ஒரு வாலையும் சேர்த்து எழுதியிருந்தேன். எல்லோரும் அதைப் பத்திரமாகச் சேர்த்துவைத்து, கடைசி எதிரியான சூனியக்காரர் வந்ததும், அவரைக் கட்டிப்போடும் மந்திரத்தைப் போட்டு, அதை எதிர்க்க அவர் உருட்டும் பகடை மேல் துப்பினார்கள். இரண்டு வாரம் நான் கட்டிய சண்டை ஒரே ரவுண்டில் முடிந்தது. அன்றிரவே அந்த வாலை வெட்டினேன்.

வெட்டியபின் ஒரு குறை மிஞ்சியது. தின்பதற்கு ஏதாவது விலை இருக்க வேண்டும், அந்த விலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். துரதிர்ஷ்டம் கனமானது, அதனால் கடுகுக்கு உடம்பு கனக்கும் என்று வைத்தேன். வெறும் வயிற்றில் 60 அடி பறக்கும். ஒன்று தின்றால் 40, இரண்டு தின்றால் 20. மூன்றாவதைத் தின்ற கணமே தூங்கிவிடும், லாங் ரெஸ்ட் (குழு எடுக்கும் நீண்ட ஓய்வு) வரை எழாது. யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். மேஜையில் மூன்று கறுப்பு மணிகள் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றாகக் கடுகின் முன்னால் நகர்த்துவேன். எங்களுக்கு ஒரு செஷனில் வீரர்கள் பக்கம் மட்டும் சுமார் 40 முறை டி20, அதாவது இருபது முகப் பகடை, உருளும். கணக்குப்படி இரண்டு முறை 1 வரும். ஒரு 1 கூட வராமல் போக 13 சதவீத வாய்ப்பு. ஆக, பெரும்பாலான நாள் கடுகுக்குத் தீனி உண்டு, மூன்றாவது மணி நகர்வது கணக்குப்படி சுமார் மூன்று செஷனுக்கு ஒரு முறைதான். இந்த அளவு எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்றாவது மணி நகர்ந்த அந்த ஒரு முறையைச் சொல்லியாக வேண்டும். வெள்ளம் ஏறும் ஒரு சுரங்கம். குணப்படுத்தும் பூசாரியான கிளெரிக் விழுந்துவிட்டார், உயிர் பிழைப்பாரா என்று பார்க்கும் டெத் சேவ் பகடையை உருட்டுகிறார். ஏற்கெனவே ஒன்றில் தோற்றாயிற்று. டெத் சேவில் 1 வந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு, மூன்றானால் மரணம். பகடை மேஜை விளிம்பு வரை ஓடி, புத்தகத்தின் முதுகில் மோதி, 1 காட்டி நின்றது. கடுகின் முன்னால் அப்போதே இரண்டு மணி இருந்தது. யாரும் கத்தவில்லை. கிளெரிக்கை ஆடுபவர் என்னைப் பார்த்து, "அண்ணா, இதுவும் தின்னுமா?" என்று மெதுவாகக் கேட்டார். கடுகைத் தோளில் வைத்திருந்த மந்திரவாதியே மூன்றாவது மணியை விரலால் நகர்த்தினார். மறுபடி உருட்டியதில் 14. பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சுரங்கம் முழுக்கத் தூங்கும் கடுகைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். ஒரு கையால்தான் சண்டை போட முடிந்தது, அதைப் பற்றி ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

உயிர் விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. மிகச் சிறிய பிராணிகளுக்கு ஹிட் டைஸ், அதாவது உயிர்ப்புள்ளியைக் கணக்கிடும் பகடை, நான்கு முகம் கொண்ட டி4தான். கடுகுக்கு ஒரு டி4 கூட்டல் 1, சராசரி 3.5, பின்னத்தை விட்டால் 3 ஹிட் பாயின்ட். ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தின் சேதம் 8 ஆறுமுகப் பகடை, சராசரி 28. பாதிச் சேதம் என்றாலும் சாம்பல்தான். இந்தப் பயத்தில் யாரும் அதைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே எடுக்கத் தயாராக இல்லை. அதனால் யார் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அவர் விழாத வரை கடுகைத் தனியாகக் குறிவைக்க முடியாது, பரவும் சேதமும் அதைத் தொடாது என்று எழுதினேன். பறந்து வெளியே போனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

குழுவில் ஒரு ஹாஃப்ளிங், அதாவது குள்ளமான ஒரு கற்பனை இனத்தவர், இருக்கிறார். அந்த இனத்துக்கே 1 விழுந்தால் மறுபடி உருட்டும் குணம் உண்டு. இரண்டும் மோதுமே என்று முதலில் கவலைப்பட்டேன். இப்போது அதுவே கடுகின் சுபாவமாகிவிட்டது. ஹாஃப்ளிங் பக்கம் போனால் அதற்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது, கொட்டாவி விட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடும். யாருக்குப் பகடை சரியாக விழவில்லையோ அவர் தோளைத் தேடித்தான் போகும். போன வாரம் தொடர்ந்து சறுக்கிக்கொண்டிருந்த போர்வீரரின் கழுத்துப்பட்டைக்குள் அது நுழைந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

உருவத்தையும் செய்துகொண்டிருக்கிறேன். கட்டத்தில் 1 அங்குலம் என்றால் ஆட்டத்தில் 5 அடி, டைனி எனப்படும் மிகச் சிறிய அளவுப் பிராணிக்கு அதில் பாதிதான் இடம். அரை அங்குல அடித்தட்டின் மேல் மெல்லிய கம்பியை வளைத்து, எப்பாக்ஸி புட்டியில் உடம்பு பிடித்தேன். விரல் ஈரமாக இல்லாவிட்டால் புட்டி விரலோடு வந்துவிடுகிறது. புட்டியில் செய்த இறக்கைகள் தடித்துப்போய் வண்டு மாதிரி தெரிந்தன. அவற்றைப் பிய்த்துவிட்டு, மெல்லிய தாளை வெட்டி சூப்பர் குளூ தடவி இறுக வைத்தேன், இப்போது வெளிச்சம் ஊடுருவுகிறது. வயிற்றை மட்டும் கொஞ்சம் உருண்டையாக விட்டிருக்கிறேன். நிறம் இன்னும் முடிவாகவில்லை, கடுகுக்குரிய கருஞ்சிவப்பா, பூவின் மஞ்சளா என்று இரண்டு தட்டில் கலந்து வைத்திருக்கிறேன்.

அடுத்த செஷனில் போர்வீரர் 5-ஆம் லெவலுக்குப் போகிறார். இனி ஒரு முறையில் இரண்டு தாக்குதல், அதாவது இன்னும் நிறையப் பகடை, இன்னும் நிறைய 1. மூன்று மணி போதுமா என்று அன்றுதான் தெரியும். நான்காவது மணி ஒன்றைப் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன்.