துப்பாக்கி கேம்களில் எது முன்னோடி? என் ஓட்டு குவேக்வேர்ல்டுக்கு

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் பசங்க கூடி இந்தப் பேச்சை எடுத்தால், கவுன்டர்-ஸ்ட்ரைக்கா கால் ஆஃப் டூட்டியா என்பதில்தான் சண்டை. கொஞ்சம் மூத்தவர்கள் டூம் என்பார்கள். 1993 டூம் பெரிய ஆட்டம்தான். எந்தச் சுவரை முதலில் வரைவது என்பதை பிஎஸ்பி மரமாக (மேப்பைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கிய பட்டியல்) முன்கூட்டியே பிரித்து வைத்ததால், அன்றைய சாதாரண 486 கணினியிலும் ஓடியது. மேப், படம், சத்தம் எல்லாம் வாட் (WAD) என்ற தனிக் கோப்பில் இருந்ததால் ஆளாளுக்குப் புது மேப் செய்தார்கள். ஆனால் அதில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வைக்க முடியாது. அந்தக் குறையை 1996-இல் குவேக் தீர்த்தது.

அதே ஆண்டு டிசம்பரில், குவேக்கை இன்டர்நெட்டில் ஆடுவதற்கென்றே மாற்றி வந்த குவேக்வேர்ல்டுதான் என் தேர்வு. முதல் குவேக்கில் பட்டனை அழுத்தினால், அது சர்வருக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் உங்கள் ஆள் நகருவான். போன் லைனில் வரும் டயல்-அப் நெட்டில் பிங், அதாவது சர்வருக்குப் போய்வரும் நேரம், 200, 300 மில்லிசெகண்டு. ஆட்டம் சேற்றில் நடப்பது போல இருக்கும். குவேக்வேர்ல்டில் உங்கள் கணினியே கணித்து உடனே நகர்த்திவிடும். சர்வரின் பதில் மாறி வந்தால் மட்டும் திருத்திக்கொள்ளும். இன்றைய ஆன்லைன் ஷூட்டர்கள் நிற்பது இந்த அடித்தளத்தில்தான்.

பிறகு வால்வு நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள், அதாவது எஞ்சின், இன்னொன்றைச் சேர்த்தது: நீங்கள் சுட்ட கணத்தில் உங்கள் திரையில் எதிரி எங்கே தெரிந்தானோ, சர்வர் அவனை அந்தப் பழைய இடத்துக்கே திரும்பக் கொண்டுபோய் வைத்து, குண்டு பட்டதா என்று பார்க்கும். சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்துவிட்டேன் என்று பசங்க கத்துவது பெரும்பாலும் இதனால்தான். ஹேக் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கை நடத்தும் அதே வால்வுக்குச் சென்னையிலேயே சர்வர் உண்டு. வேலூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். ஃபைபரில் போய்வர 2 மில்லிசெகண்டுகூட ஆகாது. மீதி நேரம் வழியில் உள்ள ரூட்டர்களும் உங்கள் வைஃபையும் தின்பது. பிங் 40-இல் சீராக நின்றால் ஆடலாம். 25-க்கும் 120-க்கும் தாவினால் கணிப்பு பிசகி, ஆள் பின்னால் இழுபடுவான். முதலில் வீட்டு ரூட்டருக்கே பிங் அடித்துப் பாருங்கள். அங்கேயே எகிறினால் லேன் கேபிள் போடுங்கள். பழைய கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடுபவர்கள் கேமுக்குள் கட்டளை தட்டும் கன்சோலில் net_graph 3 என்று போட்டால் லாஸ், சோக் இரண்டும் தெரியும். லாஸ் ஏறினால் வழியில் பாக்கெட், அதாவது தகவல் துண்டு, தொலைகிறது. சோக் ஏறினால், சர்வர் உங்களுக்கு நொடிக்கு எவ்வளவு தகவல் அனுப்பலாம் என்று சொல்லும் rate போதவில்லை, 25000 வையுங்கள். சர்வரின் உச்சவரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் நீங்கள் ஏற்றியும் பயனில்லை.

வம்சாவளியும் என் பக்கம்தான். ஹாஃப்-லைஃப் எஞ்சின் குவேக்கிலிருந்து வந்தது. கவுன்டர்-ஸ்ட்ரைக் முதலில் ஹாஃப்-லைஃபை மாற்றி ரசிகர்கள் எழுதிய மாட். 2003-இன் முதல் கால் ஆஃப் டூட்டி குவேக் 3 எஞ்சினில் ஓடியது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் சொந்தச் சாதனை காசுக் கணக்கு. ஆட்டத்துக்குள் கிடைக்கும் 800 டாலரில் தொடங்கி, 1.6-இல் ஏகே துப்பாக்கி 2500, எம்4 துப்பாக்கி 3100, ஏடபிள்யூபி ஸ்னைப்பர் 4750 என்று விலை வைத்ததால், எந்த ரவுண்டில் வாங்குவது, எதில் சேமிப்பது என்பதே தனி ஆட்டமானது. குறி பார்ப்பதில் சுமாரான டீம்கூட அதில்தான் ஜெயிக்கும்.